கடைசி வண்டி வரும் வரை

பைக்கில் முன்னால் போன எங்கள் கூட்டத் தலைவர் ரங்கராஜ், ஓட்டிக்கொண்டே இடது கை விரலை நீட்டித் தரையைக் காட்டினார், இங்கே என்று, அவ்வளவுதான், அவர் வண்டி இடதுபக்க ரோட்டில் திரும்பி மறைந்துவிட்டது, நான் நின்றுவிட்டேன். நின்றுவிட்டேன் என்றால் ஏதோ வண்டி மக்கர் செய்து நின்றுபோன மாதிரி இருக்கிறது, அப்படியில்லை, என்னை நிறுத்தியிருக்கிறார்கள், காவலுக்கு வைத்த மாதிரி, வசந்தாமணி, வயது ஐம்பத்தொன்று, ஈரோட்டில் துண்டு, போர்வை, படுக்கை விரிப்பு மொத்த வியாபாரம், இன்றைக்குச் செங்கரட்டுப் பிரிவில் கை காட்டும் பொறுப்பு. இந்தப் பொறுப்பை வாங்க நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாய் வலிக்கக் கேட்டிருப்பேன். கூட்டமாகப் போகும்போது வழி தெரிந்தவர் முன்னால் போகிறவர் ஒருவர்தான். பிரிவு வந்தால் அவருக்கு அடுத்து வருகிற வண்டி அங்கே நின்று, பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கை காட்டவேண்டும். எல்லாரும் போனபிறகு கடைசி வண்டி வரும், காதர் அண்ணன், மஞ்சள் மேல்சட்டை, அவர் தன் ஹெல்மெட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், எல்லாரும் வந்தாயிற்று, நீ கிளம்பலாம் என்று அதற்கு அர்த்தம். அவர் தட்டும்வரை அசையக்கூடாது. மழை வந்தாலும் அசையக்கூடாது, தலைவரே திரும்பி வந்து கூப்பிட்டாலும் அசையக்கூடாது. எங்கள் கூட்டத்தில் வேறு எந்த விதியையும் யாரும் மதிப்பதில்லை, காலை ஐந்தரைக்கு என்றால் ஆறரைக்கு வருவார்கள், ஆனால் இந்த ஒரு விதி சாமி காரியம் மாதிரி. வலது பக்கம் போகிற ரோடு புதுசாகத் தார் போட்டது, அகலம், நடுவில் வெள்ளைக் கோடு, பர்கூர் மலைக்குப் போவது அதுதான் என்று யாரும் அடித்துச் சொல்வார்கள். அது போவது அணையின் பின்புறத்துக்கு, ரங்கராஜ் எனக்குச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து, மண் தடமாகிக் காட்டுக்குள் இறங்கி, யானை தண்ணீருக்கு வருகிற இடத்தில் போய் நிற்கும். மலைக்குப் போவது இந்த இடது பக்க ரோடு, குண்டும் குழியுமாக, யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குப் போகிற தடம் மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு திரும்புகிறது. இங்கே வழிகாட்டிப் பலகை இருந்ததாம், இப்போது அதன் இரும்புக் கால் இரண்டும்தான் நிற்கின்றன. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஆகவே பலகை நான்தான்.

முதலில் வந்தவர்களுக்குக் கை காட்டியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல. தூரத்தில் ஒரு விளக்கு, பிறகு அதன் பின்னால் இன்னொன்று, ஒருவர் ரோட்டின் இடது ஓரமாக, அடுத்தவர் வலது ஓரமாக, தறியில் நூல் மாறி மாறி விழுகிற மாதிரி, அப்படியே வளைந்து வந்து என் கையைப் பார்த்துத் திரும்பினார்கள். குழி வந்தால் முதல் ஆள் காலை நீட்டிக் காட்டுவார், அந்தக் கால் நீட்டல் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும், கடைசி ஆள் அந்தக் குழியைப் பார்க்கும் முன்பே அவருக்கு அது தெரிந்திருக்கும், சொந்தம் பந்தம் இல்லாத பத்துப் பதினைந்து பேர் ஒருவர் எலும்பை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு போகிறோம், எங்கள் சம்பந்தி வீட்டில்கூட இந்த ஒற்றுமை கிடையாது. கூட்டமாகப் போவதில் எனக்குப் பிடித்தது இதுதான். டீக்கடையில் ஹெல்மெட்டுகளைப் பூசணிக்காய் மாதிரி வரிசையாக வைத்துவிட்டு, தலைமுடி ஒட்டிப்போன அசட்டு முகங்களோடு பஜ்ஜி தின்பதும் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்று, மேடம் நீங்க நடுவுல வாங்க என்பது. முன்னாலயும் ஆள் இருக்குது, பின்னாலயும் ஆள் இருக்குது, பயப்படாதீங்க மேடம். நான் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொன்னேன். மேட்டூருக்குத் தனியாகப் போனவள், ஏற்காட்டுக்குத் தனியாக ஏறினவள், ஒகேனக்கலில் தனியாக உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுவிட்டு விளக்கு வைக்கும் முன் வீடு திரும்பினவள். நடுவில் போகிறவளுக்கு எந்தப் பிரிவிலும் நிற்கிற வேலை வராது, இரண்டாவது வண்டிக்குத்தான் வரும், அதனால் இரண்டாவது இடம் வேண்டும் என்று கேட்டேன். ரங்கராஜ் மருந்துக்கடை வைத்திருப்பவர், எதையும் அளந்துதான் கொடுப்பார். "தனியா ஓட்டிப் பழகுனவங்களுக்கு நிக்க வராதுங்க மேடம், கை தானா முறுக்கிரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே அந்தச் சிரிப்பு ஒரு மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. இன்றைக்கு வேறு ஆள் வராததால் இரண்டாவது இடம் கொடுத்தார், ஆள் இல்லாமல் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான், பெருமையாக இருக்கிறது, இருக்கட்டும், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது யாரும் வரவில்லை. இன்னும் வரவேண்டியது இரண்டே வண்டி. காதர் அண்ணன், அவருக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர். புதிதாக வருகிறவர்களைக் கடைசி வண்டிக்கு முன்னால்தான் விடுவார்கள், காதர் அண்ணன் டயர் கடைக்காரர், மேய்ப்பவர் மாதிரி பார்த்துக் கூட்டி வருவார். எங்கள் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நேற்றுவரை ஸ்கூட்டர்தான், கியர் வண்டியை இந்த வருஷம்தான் பழகினார், கூட்டத்தோடு வருவது இன்றைக்குத்தான் முதல் தடவை. பழக்கிவிட்டது நான். ஜவுளிச் சந்தை லாரி நிற்கிற காலி இடத்தில், சாயங்காலம் சாயங்காலம், பின்னால் ஓடிக்கொண்டே. கிளட்ச்சைப் பிடிக்கும்போதெல்லாம் வாய்விட்டுக் கிளட்ச் என்று சொல்லிக்கொள்வார், பிரேக் என்பார், கண்ணாடி என்பார், சுமை இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் இந்த வண்டி வாங்கப் போன அன்று கடைக்காரப் பையன் என்னை விட்டுவிட்டு இவரிடமே பேசிக்கொண்டிருந்தான், சார் உட்காந்து பாருங்க, சார் கால் எட்டுதுங்களா. இவர் ரொம்ப மரியாதையாக, "எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாதுங்க தம்பி, நான் கூட வந்தவன். முதலாளி அவங்கதான்" என்றார். அந்தப் பையன் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்தியூருக்குள் நெரிசலில் பார்த்தபோது கண்ணாடியில் இவர் வண்டி விளக்கு தெரிந்தது, மற்ற விளக்கெல்லாம் நேராக வரும், இவருடையது கொஞ்சம் ஆடிக்கொண்டே வரும், அந்த ஆட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நான் முன்னால் இருந்தேன், முன்னால் இருக்கிற சந்தோஷத்தில் இருந்தேன். வரட்டும். மெதுவாகத்தான் வருவார்.

வெயில் ஏறுகிறது. கரும்பு ஜூஸ் கடை ஒன்று, சாக்கு மூடிக் கிடக்கிறது, சக்கரத்தை மட்டும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு வெள்ளாடு என்னைப் பார்த்துவிட்டு, பிரயோசனமில்லை என்று முடிவு செய்து போய்விட்டன. வண்டி ஆறும்போது உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது மெல்ல மெல்லக் குறைந்து இப்போது அடங்கிவிட்டது. அது அடங்கினால் நிறைய நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம், ஆனால் நான் மணி பார்க்கமாட்டேன், பார்த்தால் மனசு கணக்குப் போடும். மொபெட்டில் தீவனக் கட்டோடு ஒரு பெரியவர் வந்தார், காலை ஊன்றி நின்று வண்டியையும் என்னையும் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, வண்டி நின்னு போச்சுங்களா?" இது எனக்குப் பழகிய கேள்வி, ஒரு ஆண் வண்டியோடு நின்றால் சும்மா நிற்கிறான், பெண் நின்றால் வண்டி ரிப்பேர். "இல்லீங்க, நான்தான் நிக்கறேன்" என்றேன். "எதுக்குங்?" "பின்னால வாறவங்களுக்கு வழி காட்டறதுக்குங்க." அவர் யோசித்தார். "யாரையும் காணமுங்களே" என்றார். "வருவாங்க." "இங்கெல்லாம் ரொம்ப நேரம் நிக்காதீங் அம்மிணி, நேத்துக்கூட அணைப் பக்கம் ஒத்தை யானை நின்னுச்சுன்னு பேசிக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒற்றை யானை. சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவருக்கென்ன. ஒற்றை யானை எனக்கு ஒன்றும் செய்யாது, நான் ரோட்டில் நிற்கிறேன். அந்த வலது பக்க ரோட்டில் போகிறவருக்கு. வாய்விட்டுக் கிளட்ச் என்று சொல்லிக்கொண்டு போகிறவருக்கு. வேண்டாம், அந்தப் பக்கம் யோசனை போகவேண்டாம், இங்கே நான் நிற்கிறேன், நிற்கும்வரை அந்த ரோடு எனக்குக் கட்டுப்பட்டது.

தனியாகப் போவதைப் பற்றி யோசிக்கலாம். அது இன்னொரு ருசி. வாரம் முழுக்கக் கடையில் பேச்சு, மீட்டருக்கு என்ன சொல்றீங்க, போன தடவை கொடுத்த ரேட்டுக்கே கொடுங்க, சாயம் போகாதுங்களே, போகாதுங்க, போனா நீங்க என்னையக் கேளுங்க, ஆறு நாளும் தொண்டை காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் ஹெல்மெட்டை மாட்டினால் உலகம் வாயை மூடிக்கொள்ளும். உள்ளே நான் மட்டும். பாடுவேன், எனக்குச் சுருதி கிடையாது, ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் சுருதி தேவையில்லை. மகளைத் திட்டுவேன், அவள் பெங்களூரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை மேட்டூர் ரோட்டில், கரும்புத் தோட்டம் பூத்து வெள்ளையாகச் சாய்ந்திருந்தது, காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது, கண்ணாடியை ஏற்றிவிட்டேன், காற்றே துடைத்துவிட்டது. எங்கே வேண்டுமோ அங்கே நிற்பேன், வேண்டாமென்றால் நிற்கமாட்டேன். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்கிற நினைப்பு, அதுதான் தனி வண்டியின் சுகமே, முதுகில் ஒரு பாரமும் இல்லை. திரும்பும்போது பவானிப் பாலம் தாண்டினால் வீட்டு ஞாபகம் வரும், முடுக்கில் திரும்பினால் இவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். எப்போது வந்தாலும் அப்படித்தான். எவ்வளவு நேரமா நிக்கறீங்க என்று கேட்டால், இப்பதான் வந்தேன் என்பார். சரி என்று வண்டியை உள்ளே ஏற்றுவேன். சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கும். நல்ல மனுஷன், வேறென்ன சொல்ல, என்னைப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கிண்டலாகச் சொன்னபோது, எங்க வீட்ல வண்டி ஓட்டறது அவங்க, சமையல்ல உப்பு போடறது நான் என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

சத்தம். வண்டிச் சத்தம்தான். பின்னாலிருந்து. கையை நீட்டினேன், மஞ்சள், மஞ்சள் மேல்சட்டை, அப்பாடா. ஆனால் முன்னால் இவர் எங்கே? மஞ்சள் சட்டை என் கையைப் பார்த்ததா இல்லையா தெரியவில்லை, இடது பக்கமே திரும்பியது, பெரிய வண்டி, கறுப்பு ஹெல்மெட், காதர் அண்ணனுடையதும் கறுப்புதான், பெரிய உடம்பு, காதர் அண்ணனும் பெரிய உடம்புதான். என் கால் அதற்குள் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டது. கை சாவிக்குப் போய்விட்டது. ரங்கராஜ் சொன்னது சரிதான், கை தானாக முறுக்கத்தான் பார்க்கிறது. இவர் முன்னாலேயே போயிருப்பாரோ, யாரோடோ சேர்ந்து போயிருப்பாரோ, நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போயிருப்பாரோ, அப்படியானால் நான்தான் கடைசி, எல்லாரும் மேலே எனக்காக நிற்பார்கள், மேடம் தூங்கிட்டாங்களா என்று சிரிப்பார்கள். ஆனால் தட்டவில்லை. அந்த மஞ்சள் சட்டை ஹெல்மெட்டைத் தட்டவில்லை. பார்க்கவே இல்லை. காதர் அண்ணன் மறக்கிற ஆள் இல்லை, அவர் தட்டுகிற தட்டு கோயில் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும், டொக் டொக். இப்போதெல்லாம் ரோட்டில் யார்தான் மஞ்சள் சட்டை போடுவதில்லை, ரோடு வேலைக்காரர்கள் போடுகிறார்கள், சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் போடுகிறார்கள், வேறு கூட்டத்தின் கடைசி வண்டியாகக்கூட இருக்கலாம். சட்டையைப் பார்த்துக் கிளம்பு என்று விதி இல்லை. தட்டினால் கிளம்பு என்றுதான் விதி. சைடு ஸ்டாண்டை மறுபடி போட்டேன். போட்டபிறகுதான் முழங்கால் வலிப்பது தெரிந்தது.

நிற்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். ஓட்டுவதுதான் வேலை, நிற்பது சும்மா இருப்பது. இல்லை. ஓட்டும்போது பயம் பின்னால் விழுந்துவிடும், நிற்கும்போது அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. டயர் பஞ்சராக இருக்கும், அதற்குக் காதர் அண்ணன் இருக்கிறார், டயர் கடைக்காரர் பக்கத்தில் இருக்கும்போது பஞ்சரானால் அது அதிர்ஷ்டம். விழுந்திருப்பாரா. விழுந்தால் எந்தப் பக்கம் விழுவார், வலது முட்டியில் ஏற்கெனவே வலி. திரும்பிப் போய்ப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிஷம், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், இதில் என்ன வந்துவிடப் போகிறது. வரும். அந்தியூரிலிருந்து இங்கே வர இரண்டு வழி, நாங்கள் வந்த பெரிய ரோடு ஒன்று, வாய்க்கால் மேட்டு ரோடு ஒன்று, இரண்டும் எனக்குப் பின்னால் அந்த வேப்பமரத்தடியில்தான் சேர்கின்றன. நான் இந்த வழியில் தேடிப் போவேன், அவர்கள் அந்த வழியில் வருவார்கள், வந்து பார்த்தால் இங்கே யாரும் இல்லை. யாரும் இல்லையென்றால் என்ன செய்வார்கள். காதர் அண்ணனுக்கே இந்தப் பக்கம் புதிது. பாவம், அகலமான ரோட்டைப் பார்ப்பார்கள், வெள்ளைக் கோட்டைப் பார்ப்பார்கள். ஆக, இவரைத் தேடிப் போகாமல் இருப்பதுதான் இவருக்கு நான் செய்கிற உதவி. கட்டின புருஷனைத் தேடிப் போகாமல் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பது. இதை என் மாமியார் உயிரோடு இருந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இப்போது முன்னாலிருந்து சத்தம், மலைப் பக்கத்திலிருந்து. ஒரு வண்டி இறங்கி வந்தது, நம் ஆள்தான், பிரசன்னா, வங்கியில் வேலை, தாடி, எப்போதும் அவசரம். என்ஜினை அணைக்காமலே, "மேடம், வாங்க போலாம், ரங்கராஜ் அண்ணன் கூப்பிடறாரு, அடிவாரத்துல எல்லாரும் வெயிட்டிங்" என்றார். "கடைசி வண்டி வரலையே" என்றேன். "வந்துருச்சுங்க மேடம். அடிவாரத்து வளைவுல இருந்து அண்ணனே பாத்தாரு, மஞ்சள் ஜாக்கெட் உங்களத் தாண்டி வந்து நிக்காம மேல போயிருச்சு." "அது நம்ம காதர் அண்ணன் இல்லீங்க. தட்டலை." பிரசன்னா என்னைப் பார்த்த பார்வையில் பொறுமை இருந்தது, கடையில் சின்னக் கிழிசலைக் காட்டி விலை குறைக்கச் சொல்கிற கிராக்கியை நான் பார்ப்பேனே, அந்தப் பொறுமை. "மறந்திருப்பாருங்க மேடம்." "எங்க வீட்டுக்காரரை மேல பாத்தீங்களா?" "பாத்த மாதிரிதான் இருக்குதுங்க. எல்லாரும் ஹெல்மெட்டோட வண்டி மேலயே உக்காந்திருக்காங்க, யாரு யாருன்னு தெரியுதுங்களா." பார்த்த மாதிரி. போனால் என்ன, போய்ப் பார்த்தால் இவர் அங்கே இருந்தால் எல்லாம் முடிந்தது, குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம், முழங்காலை நீட்டலாம். அங்கே இல்லாவிட்டால். "நீங்க போங்க பிரசன்னா. போயி கடைசி வண்டி இன்னும் வரலைன்னு சொல்லுங்க." "அண்ணன் கோவிச்சுக்குவாருங்க." "கோவிச்சுக்கட்டும்." "அடுத்த தடவை உங்களுக்கு இந்த எடம் குடுக்க மாட்டாருங்க மேடம், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." "குடுக்க வேண்டாம். இந்தத் தடவை குடுத்துட்டாரில்ல, இது எனக்குப் போதும்." அவர் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், தனியாக ஓட்டிப் பழகினவள் நிற்பதைப் போய்ச் சொல்லட்டும். நான் சொன்னது தப்பாகப் போனால் வருஷக்கணக்கில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், டீக்கடைக்கு டீக்கடை, செங்கரட்டு மேடம் என்று பேர்கூட வைப்பார்கள். வைக்கட்டும். ஐம்பத்தொரு வயதில் நான் பயந்து செய்யாமல் விட்டது இரண்டு மூன்றுதான், அதில் இதைச் சேர்க்கமாட்டேன். பிரசன்னாவின் சத்தம் மலைக்குள் போய்க் கரைந்தபிறகு பழைய அமைதி வந்தது, முன்பைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

இப்போது நான் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டேன், காதுதான். உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. தூரத்தில் ஏதோ வருகிறது, இல்லை, அது பம்புசெட். இது வண்டி, இல்லை, இது டிராக்டர், அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே ஏதோ எழுந்து நின்று, அது இல்லையென்றதும் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை தடவை எழுந்து உட்காரும். கையில் ஏதாவது வேலை இருந்தால் தேவலை, சும்மா நிற்க முடியவில்லை, கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன், டாங்க்கைத் துண்டால் துடைத்தேன், பளபளவென்று இருந்ததை மறுபடி துடைத்தேன், துடைத்த இடத்தையே எத்தனை தடவை துடைப்பது, பெயிண்ட் போய்விடும். பெயிண்ட் போய்விடும் என்று நினைத்த இடத்தில் கை நின்றுவிட்டது. கேட்டுப் பக்கத்துச் செடிகள். ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற செடிகள்தான் சாகும். பின்பக்கத்துச் செம்பருத்தி நன்றாக இருக்கும், மாடியில் கறிவேப்பிலை நன்றாக இருக்கும், கேட்டோரத்து நந்தியாவட்டையும் ரோஜாவும் வேர் அழுகிச் செத்துப்போகும். நர்சரிக்காரர் பிடுங்கிப் பார்த்துவிட்டு, தண்ணி ரொம்ப அதிகமுங்க, மணிக்கணக்கா ஊத்துவீங்களா என்று கேட்டார். நான் இவரைத் திட்டினேன். ஒரு செடிக்கு எவ்வளவு தண்ணி விடறதுன்னு தெரியாதா, கூட்டுறவுச் சங்கத்துல என்னதான் பண்ணுனீங்க என்று திட்டினேன். இவர் அடுத்த வாரம் புதுச் செடி வாங்கி வைத்தார், அதே இடத்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கையில் குழாயோடு நின்றிருக்கிறார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் உள்ளே எழுந்து உட்கார்ந்துகொண்டு. மதியத்திலிருந்தா, அதற்கும் முன்பிருந்தா. இத்தனை வருஷமும். நான் ஒகேனக்கலில் மீன் தின்றபோதும், கரும்புப் பூவைப் பார்த்து அழுதபோதும். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று நான் பாடிக்கொண்டு வந்த ரோட்டின் கடைசியில். வந்தவுடன், இப்பதான் வந்தேன்.

வருத்தமா என்றால் வருத்தம் இல்லை, வேறு ஏதோ, சந்தையில் நல்ல சரக்கு என்று தெரியாமலே மலிவாக வாங்கி வந்துவிட்டு வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி. என்ன மனுஷன். பாரம் என் முதுகில் ஏறிவிடக்கூடாது என்று எடுத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். இதை ரங்கராஜிடம் சொல்லவேண்டும், நிற்கிறவர்களைப் பற்றிப் பேசினீர்களே, என் வீட்டில் ஒருவர் நின்றிருக்கிறார், உங்கள் கூட்டம் மொத்தமும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. நானும் நிற்கிறேன் பாருங்கள். வெயில் நடுமண்டைக்கு வந்துவிட்டது, நிழல் காலடிக்குள் ஒதுங்கிவிட்டது, கரும்பு ஜூஸ் கடைச் சாக்கின் கீழ் இருக்கிற நிழலுக்குப் போகலாம், பத்தடிதான், போகமாட்டேன், அங்கிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். தெரிகிற இடத்தில்தான் நிற்கவேண்டும். அவர் அப்படித்தான் நின்றார், முடுக்கில் திரும்பியதுமே தெரிகிற இடத்தில். வாங்க, மெதுவாக வாங்க, கிளட்ச் சொல்லிக்கொண்டே வாங்க, சாயங்காலம் ஆனாலும் இங்கேதான்.

வேப்பமரத்தடியில் தூசி எழும்பியது. வாய்க்கால் மேட்டு ரோட்டின் பக்கம். பெரிய ரோடு இல்லை, நான் தேடிப் போயிருந்தால் போயிருக்கக்கூடிய அந்த ரோடு இல்லை. ஒரு விளக்கு, கொஞ்சம் ஆடிக்கொண்டு. அதற்குப் பின்னால் இன்னொன்று, ஆடாமல். நான் கத்தவில்லை, கையசைக்கவில்லை, என் வேலை அதில்லை, இடது பக்க ரோட்டைக் காட்டிக் கையை நேராக நீட்டினேன், தோள்பட்டை உயரத்துக்கு, விரலை மடக்காமல். ஆடுகிற விளக்கு நடு ரோட்டுக்கு வந்தது, முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வலது பக்கம் சாய ஆரம்பித்தது, வலது பக்க விளக்குகூட மின்னியது, அந்தப் புது ரோடு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. பிறகு என் கை அவர் கண்ணில் பட்டது. விளக்கு அணைந்தது, இடது பக்க விளக்கு மின்னியது, இவ்வளவு தூரத்திலும் எனக்குக் கேட்டது, "கிளட்ச்." வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். நிறுத்தக்கூடாது, கை காட்டுகிறவரிடம் நின்று பேசக்கூடாது என்பதும் விதிதான், இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சட்டை முழுக்கக் கிரீஸ், கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு, உடம்பில் எங்கும் அடியில்லை, முட்டியைப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். "செயின் அந்துருச்சு. காதர் அண்ணன் அந்தியூருக்கே போயி லிங்க் வாங்கிட்டு வந்து மாட்டுனாரு. நேரமாயிருச்சுன்னு, கடைக்காரரு சொன்ன இந்த வழியா கூட்டியாந்தாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், காலடியில் ஒதுங்கிக் கிடந்த நிழலைப் பார்த்தார், துடைத்துத் துடைத்து வெயிலில் மின்னுகிற டாங்க்கைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கற?" என்று கேட்டார்.

"இப்பதாங்க" என்றேன்.

இத்தனை வருஷம் நான் நம்பினேன், அவர் ஒரு நொடிகூட நம்பவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு இடது பக்கம் திரும்பினார். பின்னால் வந்த காதர் அண்ணன் என்னைப் பார்த்து விரல் முட்டியை மடக்கினார், ஹெல்மெட்டை டொக் டொக் என்று தட்டினார். அதற்குப் பிறகுதான் நான் சைடு ஸ்டாண்டை எடுத்தேன்.